மூன்றாம் பக்கத்துக்காரர்

"அண்ணே, ஒங்க போன்ல ஒண்ணு தேடிப் பாக்குறீங்களா?"

சிதம்பரம் பேருந்து நிலையத்துக்கு எதிரே உள்ள டீக்கடையில், முன்பின் தெரியாத ஒருவரிடம் ஜெபஸ்டின் இப்படித்தான் ஆரம்பிப்பார். கேட்கப்பட்டவர் முதலில் தன் போனைச் சட்டைப்பைக்குள் இன்னும் கொஞ்சம் தள்ளிக்கொள்வார். இந்தக் காலத்தில் யார்தான் தள்ளமாட்டார்கள்? பிறகு ஜெபஸ்டினின் முகத்தைப் பார்த்து மனமிரங்கி, என்ன தேட வேண்டும் என்று கேட்பார். சிதம்பரத்தில் பாம்பு பிடிப்பவர் என்று போடச் சொல்வார் இவர். அந்த மனிதர் விரலால் தள்ளித் தள்ளி மூன்றாம் பக்கம் வரைக்கும் போக, அங்கே கீழிருந்து இரண்டாவதாக 'யாரைக் கேட்கலாம்' என்று ஒரு பெயர் வரும். அது ஜெபஸ்டினின் இணையதளம். நன்றி சொல்லிவிட்டு, அவருடைய டீக்கும் சேர்த்துக் காசு கொடுத்துவிட்டுக் கிளம்புவார்.

தன் சொந்தப் போனை அவர் நம்புவதே இல்லை. "நம்ம போனுக்கு நம்மளத் தெரியும் சார். மூஞ்சிக்காக மொதல்ல காட்டிடும். தெரியாதவங்க போன்லதான் நம்ம லட்சணம் தெரியும்" என்பார்.

கடலூர் முதுநகரில் அவர் எனக்குப் பக்கத்து வீடு. சிப்காட்டில் ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பராக இருந்தவர். கம்பெனியை மூடியபிறகு வேறு வேலைக்குப் போகவில்லை. வீட்டுச் சோறு மனைவி ரீட்டா டீச்சர் சம்பளத்தில் என்பதை அவரே முந்திக்கொண்டு சொல்லிவிடுவதால், ஊரில் யாருக்கும் அதைச் சொல்லிக் கேலி செய்ய வாய்ப்பில்லாமல் போய்விட்டது. காலையில் டிவிஎஸ் ஐம்பதில் கிளம்பினால் குடிகாடு, பரங்கிப்பேட்டை, சிதம்பரம் என்று சுற்றி, காதுக்கருவி பழுது பார்ப்பவர், ஞாயிற்றுக்கிழமையும் ஊசி போடும் நர்ஸ், கிணற்றில் விழுந்த மோட்டாரை எடுப்பவர் என்று ஆட்களைத் தேடிப்பிடித்து அந்தத் தளத்தில் ஏற்றுவார்.

ஏற்றுவதில் ஒரு முறை வைத்திருக்கிறார். எண்ணைக் காதால் கேட்டு எழுதிக்கொள்ளமாட்டார். ஆளின் எதிரே நின்று, தானே போன் போடுவார். அவர் பையில் மணி அடித்தால்தான் பெயர் ஏறும். பிச்சாவரத்தில் படகு இஞ்சின் பார்க்கும் இளவரசு, இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு, போன் வீட்டில் இருக்கிறது, எண் சரியானதுதான், போய் வாருங்கள் என்று சொல்லிப் பார்த்தார். ஜெபஸ்டின் அவர் கரையேறும்வரை உட்கார்ந்திருந்து, கூடவே வீட்டுக்கு நடந்து, அடித்துப் பார்த்துவிட்டுத்தான் வந்தார். எனக்கென்றால் பொறுமை கிடையாது. நான் இளவரசு சொன்ன எண்ணை அப்படியே எழுதிக்கொண்டு அப்போதே வந்திருப்பேன்.

இந்தப் பைத்தியம் பிடித்த கதை ஊருக்குத் தெரியும். மூன்று வருடத்துக்கு முன் ஒரு மே மாதம் அவருடைய மாமனார் ஞானராஜ் தவறிப்போனார். பிள்ளைகள் வெளியூரிலிருந்து வரவேண்டும், குளிர்பெட்டி தேவை. மகன் சார்லஸ், ரீட்டாவின் தம்பி, போனில் தேடினான். முதலில் வந்த எண் உபயோகத்தில் இல்லை. இரண்டாவது எண்ணை எடுத்தவர் திருப்பூரில் பனியன் கம்பெனிக்காரர். "தம்பி, எவனோ எம் நம்பரப் போட்டுட்டான். தெனம் யாராச்சும் அழுதுகிட்டே கூப்புடுறாங்க, நானும் என்ன பண்ணுவேன்" என்றாராம். அந்த வெயிலில் மாமியார் சவரிமேரியம்மா புருஷனின் பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டே இருந்தார். மதியம் மாலையோடு வந்தவர்களில் ஒருவர், அடுத்த தெருவில் தன்னிடமே இரண்டு பெட்டி சும்மா கிடப்பதாகச் சொன்னார். சார்லஸ் சுவரில் தலையை முட்டிக்கொண்டான். காரியம் முடிந்த மறுவாரம் ஜெபஸ்டின் வண்டியை எடுத்தார்.

ஆட்களைச் சேர்த்தால் போதாது, தேடுகிறவன் கண்ணில் முதலில் பட வேண்டும் என்பது அவருக்குப் பிறகுதான் தெரிந்தது. அந்தத் திருப்பூர் எண் இன்றைக்கும் முதல் பக்கத்தில் ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறது. இவருடைய அசல் எண்களெல்லாம் ஐந்தாம் பக்கத்தில் கிடந்தன. கூகுளை அவர் 'அவன்' என்றுதான் சொல்வார். "அவன் இன்னும் நம்மள நம்பல சார். பெரியவங்க நாலு பேரு நம்மளக் கைகாட்டணும்." நாலு பேர் கைகாட்டுவதென்றால், பேர் பெற்ற தளங்கள் தங்கள் பக்கத்தில் இவருடைய தளத்துக்கு ஒரு இணைப்புக் கொடுப்பது. மின்னஞ்சல் அனுப்பி யாரும் பதில் போடாததால், கல்யாணத்துக்கு அழைப்பதுபோல வாழைப்பழமும் பிஸ்கட்டும் வாங்கிக்கொண்டு நேரிலேயே போனார். ஒரு மருத்துவமனையும் ஒரு கல்லூரித் துறையும் கைகாட்டின. மூன்றாம் பக்கம் வந்த அன்று எங்கள் தெருவுக்கே மைசூர்பாகு கொடுத்தார். எதற்கென்று தெரியாமலே தின்றோம்.

சார்லஸுக்கு இந்த வேகம் போதவில்லை. அவன் ஃப்ளெக்ஸ் அடிக்கிறவன். காதுகுத்தோ கருமாதியோ, வெறும் சுவர் கண்ணில் பட்டால் கை சும்மா இருக்காது. தன் கூட்டாளிகளைச் சேர்த்துக்கொண்டு, இணையத்தில் எங்கெல்லாம் நாலு வரி எழுத இடம் இருந்ததோ அங்கெல்லாம் மாமாவின் தளத்தை ஒட்டினான். பிரியாணி செய்முறைக்குக் கீழே, சினிமாத் துணுக்குக்குக் கீழே, எந்த நாட்டுக்காரனோ ரோஜாச் செடிக்கு உரம் கேட்டிருந்த இடத்துக்குக் கீழே. எல்லாவற்றிலும் ஒரே வாசகம்: 'மாமாவின் முயற்சி வெல்க! இவண்: சார்லஸ் மற்றும் நண்பர்கள், கடலூர் முதுநகர்.'

சில நாள் தளம் முதல் பக்கத்துக்கே வந்தது. ஜெபஸ்டின் டீக்கடையில் நிற்க முடியாமல் சிரித்துக்கொண்டே திரிந்தார். அப்புறம் ஒரு நாள் கூகுளிடமிருந்து அறிவிப்பு வந்தது. செயற்கையாக இணைப்புகள் ஒட்டப்பட்டிருப்பதால் தளம் விலக்கப்படுகிறது என்று. யார் போனில் எத்தனை பக்கம் தள்ளினாலும் 'யாரைக் கேட்கலாம்' இல்லை. பாவம், ஆள் பாதியாக இளைத்துவிட்டார்.

ஒட்டியதை எல்லாம் கழற்ற வேண்டும். நம்மூரில் பெயர் போட்ட ஃப்ளெக்ஸைக் கழற்றச் சொல்வது லேசுப்பட்ட காரியமா? சார்லஸின் கூட்டாளிகள் ஆளுக்கு ஆள் முகத்தைத் தூக்கினார்கள். எங்கள் பேர் உங்களுக்கு அசிங்கமாகப் போய்விட்டதா என்று ஒருவன் கேட்டே விட்டான். ஜெபஸ்டின் வீடு வீடாகப் போய், உட்கார்ந்து, காப்பி குடித்து, சமாதானம் சொல்லிக் கழற்ற வைத்தார். அடுத்தது, தவறு எப்படி நேர்ந்தது என்று விளக்கி, மறுபடி சேர்த்துக்கொள்ளும்படி விண்ணப்பம். ஆங்கிலத்தில் எழுதித் தர என்னைக் கூப்பிட்டார்.

புதுச்சேரியில் இதே தொழில் செய்யும் ஒருவர் அவருக்கு வழி சொல்லியிருந்தார். யாரோ ஏஜென்சியிடம் கொடுத்து ஏமாந்துவிட்டதாக எழுதுங்கள், எல்லோரும் அப்படித்தான் எழுதுவார்கள், தளத்துக்காரனே உடந்தை என்றால் சேர்க்கவே மாட்டார்கள் என்று. எனக்கு அது புத்திசாலித்தனமாகத்தான் பட்டது. ஜெபஸ்டின் தலையை ஆட்டினார். "மணி அடிக்காத நம்பர நான் போடுறதில்ல சார்."

சார்லஸ் கதவுப் பக்கம் நின்றிருந்தான். "எம் பேரப் போடு மாமா. நான்தான ஒட்டுனேன்" என்றான். பிறகு குரல் உடைந்தது. "அப்பாவுக்குத்தான் அன்னிக்கு ஒண்ணும் செய்ய முடியல. இதையாச்சும் மேல ஏத்திடலாம்னு பாத்தேன். இதையும் கெடுத்துட்டேன்."

ஜெபஸ்டின் என்னைப் பார்த்து எழுதச் சொன்னார். என் மைத்துனர் சார்லஸ் இதைச் செய்தார் என்று நான் லேப்டாப்பில் அடித்தேன். உள்ளேயிருந்து சவரிமேரியம்மா சாப்பிடக் கூப்பிட, முகத்தைக் கழுவிக்கொண்டு வருவதாகச் சொல்லி சார்லஸ் கொல்லைப்பக்கம் போனான்.

ஜெபஸ்டின் லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். ஒரு விரலால் மச்சானின் பெயரை எழுத்தெழுத்தாக அழித்தார். அந்த இடத்தில் தன் பெயரை அடித்தார். முதல் பக்கம் வந்த அன்றைக்கே ஏதோ சரியில்லை என்று தெரிந்தும் சந்தோஷத்தில் யாரையும் கேட்காமல் இருந்துவிட்டேன் என்று அடுத்த வரிக்கு என்னிடம் ஆங்கிலம் கேட்டார். சொன்னேன். அனுப்பினார்.

சார்லஸ் துண்டால் முகத்தைத் துடைத்தபடி திரும்பி வந்தபோது, லேப்டாப்பை மூடி அதன்மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.