கோயிலடியில் பருந்து மனிதன் கழற்றிய சால்வை

1. உள்ளும் வெளியும்

முதல் நாள் படப்பிடிப்பிலேயே கதாநாயகன் யோகனுக்கும் தாய்க்கும் சண்டை. அவன் பருந்து மனிதன். நீலக் களிசானுக்கு மேலே சிவப்பு ஜங்கி, தோளில் பறக்க நீலச் சால்வை. எல்லாம் நான் தைத்தவை.

“உள்ளுக்குப் போடுறதை வெளியிலை போட்டுக்கொண்டு நிண்டா, நாளைக்கு ஆரடா உனக்குப் பொம்பிளை தருவினம்?”

வல்வெட்டித்துறையில் ஸ்ரூடியோ வைத்திருந்த, எல்லாரும் ‘அண்ணை’ என்று கூப்பிடுகிறவர்தான் டைரக்டரும் கமராக்காரரும். தையலோடு, முந்திய சீனில் யார் எதை எப்படி உடுத்தியிருந்தார்கள் என்று பார்ப்பதும் என் வேலை. அதற்குக் ‘கன்ரினியூற்றி’ என்று பெயர். நான் பள்ளிக்கூடம் போனது ஐந்தாம் வகுப்பு வரைதான். ஆம்பிளைகள் நின்றால் வாயே திறக்காத ஆள்.

தாய் வந்த நாட்களில் ஜங்கி உள்ளே போகும். வராத நாட்களில் வெளியே வரும். படத்தில் அவன் கை ஓங்கும்போது அது வெளியே, அடி விழும்போது உள்ளே. எனக்குத் தெரிந்துதான் என்ன செய்ய? ‘அதை வெளியிலை போடுங்கோ’ என்று ஒரு வளர்ந்த ஆம்பிளையிடம் எப்படிச் சொல்வது?

2. கடைசி றோல்

துரத்துகிற சீன் மட்டும் மிச்சம். ஒரே ஒரு றோல் பிலிம் கிடந்தது.

“இது பிழைச்சா வேறை பிலிம் இல்லை, தங்கச்சி. படம் ஓடாட்டில் ஸ்ரூடியோவைப் பூட்டிப்போட்டுக் கொழும்பிலை மச்சான்ரை கடையிலை சாமான் கட்டவேண்டியதுதான்,” என்றார் அண்ணை.

வில்லனாக நடித்த சங்கக்கடை மனேச்சர் சின்னராசா, கொள்ளையடித்த மூட்டையோடு ஓடினார். பின்னால் யோகன். சால்வை நன்றாகத்தான் பறந்தது. பிள்ளையார் கோயில் வாசலுக்கு வர, உள்ளே பூசை மணி அடித்தது. சின்னராசா நின்று, மூட்டையைக் கீழே வைத்துச் செருப்பைக் கழற்றினார். யோகன் பக்கத்தில் போய் நின்று, சால்வையை அவிழ்த்து இடுப்பில் கட்டினான். இருவரும் தலையில் குட்டித் தோப்புக்கரணம் போட்டார்கள். பிறகு அவர் மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓட, இவன் இடுப்பில் கட்டிய சால்வையோடு துரத்தினான்.

“கமரா ஓடுது, விசர் பிடிச்சதுகளே!” என்று அண்ணை கத்தினார்.

“அதுக்கு? சாமிக்கு முன்னாலை சால்வையைத் தோளிலை போட்டுக்கொண்டு நிக்கிறதோ, அண்ணை?” என்றான் யோகன்.

றோல் முடிந்துவிட்டது. வில்லனைப் பிடிக்கிற துண்டை முன்னமே அதே கோயில் மதிலடியில் எடுத்திருந்தோம். அதை இதோடு ஒட்டினார். அதில் சால்வை தோளில் கிடந்தது. மெல்லச் சொன்னேன்.

“ஆர் பாக்கப்போகினம்?” என்றார்.

3. பார்த்தவர்கள்

பருத்தித்துறையில் முதல் காட்சி. நான் முந்தானையால் முகத்தை மறைத்துக்கொண்டு பெண்கள் பக்கம் இருந்தேன். ஜங்கிக்கு விசில் அடித்தார்கள்; அது உள்ளே போய் வெளியே வந்ததை ஒருவரும் கவனிக்கவில்லை. கோயில் வந்ததும் தியேட்டர் அடங்கியது. சிலர் எழுந்து கும்பிட்டார்கள். அண்ணை தப்பினார் என்று நினைத்தேன்.

“டேய்! கோயில் மதில் தாண்டேல்லை, அதுக்குள்ளை சால்வையைத் தோளிலை போட்டிட்டான்!”

“தாண்டீட்டான். அது பின்வீதி.”

“பின்வீதியும் கோயில்தானே, மூதேசி!”

கதிரைகள் விழுந்தன. லைற் போட்டார்கள். படம் பாதியில் நின்றது. அண்ணை வாசலில் கொழும்புக்குப் போகிற முகத்தோடு நின்றார்.

அடுத்த நாள் இரண்டு கட்சியும் ஆள் சேர்த்துக்கொண்டு வந்தன, தாண்டினானா இல்லையா என்று பார்க்க. அதற்கடுத்த நாள் உடுப்பிட்டியிலிருந்தும் வந்தார்கள். படம் ஓடியது.

சனம் பிழை பிடிக்கும், ஆனால் நாங்கள் பயந்த இடத்தில் பிடிக்காது. நான் படித்தது அவ்வளவுதான். அண்ணை அடுத்த படத்துக்குக் கூப்பிட்டபோது, முதல்முறையாக வாய் திறந்து சத்தமாகக் கேட்டேன்.

“கதையிலை கோயில் வருகுதோ, அண்ணை?”

“ஓம், தங்கச்சி. மூண்டு இடத்திலை.”