பார்த்ததை அழிக்கும் நாலு வரி

கம்ப்யூட்டர் ரிப்பேர்காரனுக்கு எந்த வீட்டிலும் இரண்டு வேலை உண்டு: ஒன்றை வாசலிலேயே உரக்கச் சொல்வார்கள், இன்னொன்றை மனைவி காபி போட உள்ளே போன பிறகு காதோடு சொல்வார்கள். என்னோடு இந்தத் தொழிலில் உழன்றவர்களுக்கு அந்த இரண்டாவது வேலையை விளக்க வேண்டியதில்லை. இன்டர்நெட்டில் பார்த்த பக்கங்களின் சுவடு தெரியக்கூடாது, அவ்வளவுதான். நான் டைப்ரைட்டர் மெக்கானிக்காக இருந்தவன். நடைபாதையில் வாங்கிய பழைய புத்தகங்களைப் புரட்டிக் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டேன். இரண்டாயிரமாவது வருஷத்தை ஒட்டி, பெங்களூரில் தெருவுக்குத் தெரு பிரவுசிங் சென்டர் முளைத்தபோது, எனக்குச் சோறு போட்டது அந்த ரகசிய வேலைதான்.

பன்னும் பாயும்

லிங்கராஜபுரத்தில் அருள்ராஜ் என்பவன் ஆறு மெஷின் போட்டு சென்டர் நடத்தினான். கட்டடம் மாடியில் குடியிருந்த தேவசகாயம் ஐயாவுடையது. அவர் கிறிஸ்தவ சபை ஒன்றின் மூப்பர். கடையில் யாராவது அசிங்கமான படம் பார்த்ததாகத் தெரிந்தால் அன்றைக்கே காலி செய்ய வேண்டும் என்பது அவருடைய நிபந்தனை. கடை போனால் அருள்ராஜ் மாமனாரின் பேக்கரிக்குத்தான் திரும்ப வேண்டும். கல்யாணமான புதிதில் அங்கே பன் கட்டிக் கொடுத்து, மாமனார் வாயில் விழுந்து எழுந்தவன் அவன்.

ஒரு நாள் பதறிக்கொண்டு வந்தான். சாஃப்ட்வேர் கம்பெனியில் இருக்கும் மூப்பரின் அக்கா மகன் ஜீவன், மாமாவின் காதில் ஒன்றைப் போட்டுவிட்டானாம்: ஹிஸ்டரியை அழித்தாலும், உள்ளே ஒளிந்திருக்கும் ஒரு ஃபைலில் எல்லாம் அப்படியே இருக்கும் என்று. உண்மைதான். அந்த ஃபைலை விண்டோஸ் பாயாக விரித்து அதன்மேலேயே உட்கார்ந்திருக்கும். உட்கார்ந்திருக்கிறவரை எழுப்பாமல் பாயை உருவ முடியாது. அதனால், மெஷின் ஆன் ஆனதும், விண்டோஸ் வந்து உட்காருவதற்கு முன்பே, கறுப்புத் திரையில் பாயைச் சுருட்டி எறியும்படி நாலு வரி எழுதிப் போட்டேன். அருள்ராஜ் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணா, பன்னுலேருந்து என்னைக் காப்பாத்திட்டீங்க!"

அழிக்கலாமா?

அந்த நாலு வரியில் அழிக்கச் சொல்லும் கட்டளையோடு, 'கேட்காமல் அழி' என்பதற்காக ஓர் எழுத்தையும் சேர்க்க வேண்டும். அதை விட்டுவிட்டேன். மறுநாள் அருள்ராஜ் எல்லா மெஷினையும் ஆன் செய்துவிட்டு எதிரே டீ குடிக்கப் போக, ஆறும் கறுப்புத் திரையில் 'அழிக்கலாமா? ஆம், இல்லை' என்று ஆங்கிலத்தில் கேட்டபடி நின்றன.

அப்போது உள்ளே வந்தவர் முனுசாமி ஐயா. தங்கவயல் சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வெளிநாட்டில் இருக்கும் மகளுக்கு மெயில் போட வருவார். ஆறு மெஷினுக்கும் பொறுமையாக 'இல்லை' என்று பதில் சொல்லி, விண்டோஸை வரவழைத்து உட்கார வைத்துவிட்டார். அருள்ராஜ் திரும்பி வந்து தலையில் கை வைத்துக்கொண்டதும் அவருக்குக் கோபமே வந்துவிட்டது.

"யாரு வெச்ச பொருளோப்பா! அழிக்கலாமான்னு நம்மளக் கேட்டா, வேணாம்னு சொல்றதுதானே மரியாதை?"

ரொம்பச் சுத்தம்

திருத்திய நாலு வரியை ஜீவனஹள்ளியில் என் வீட்டு மெஷினிலும் போட்டுப் பார்த்தேன். அப்போது என் மனைவி சரோஜா உயிரோடு இருந்தாள். முந்தின நாள் எங்கேயோ பார்த்த பாதுஷா செய்முறையை மறுபடி தேடினாள், கிடைக்கவில்லை. ஹிஸ்டரியைத் திறந்தாள், துடைத்து வைத்த மாதிரி இருந்தது. தொழிலுக்கான சோதனை என்று எவ்வளவோ சொன்னேன். அவள் இடுப்பில் கை வைத்து என்னை ஏற இறங்கப் பார்த்தாள். அந்த பாதுஷா கடைசிவரை கிடைக்கவில்லை, அவள் சொன்னது மட்டும் இன்னும் காதில் இருக்கிறது.

"குடிச்ச டம்ளரைக் கழுவி வெச்சதில்ல நீங்க. இதை மட்டும் எதுக்கு இவ்ளோ சுத்தமா கழுவி வெச்சிருக்கீங்க?"

ஒருமனப்பாடு

சரோஜா சொன்னதில் விஷயம் இருந்தது. காலியாக இருந்தாலே சந்தேகம்தான். எனவே நாலு வரியோடு ஐந்தாவதாக ஒன்றைச் சேர்த்தேன். ஒரு மெஷினில் நானே உட்கார்ந்து ஜெப வசனம், ரயில் நேரம், பரீட்சை ரிசல்ட் என்று நல்ல பிள்ளையாகப் பார்த்தேன். அதில் உருவான ஃபைலை ஆறு மெஷினுக்கும் நகல் எடுத்து வைத்தேன். தினமும் காலையில் பழையது போகும், இந்தப் புண்ணிய ஃபைல் வந்து உட்காரும்.

மூப்பர் ஜீவனோடு காலையிலேயே சோதனைக்கு வந்தார். ஜீவன் ஒவ்வொன்றாகத் திறந்து படித்தான். "மாமா, ஆறு மெஷின்லயும் ஒரே நிமிஷத்துல ஒரே ஜெபம் பண்ணிருக்காங்க. அப்புறம் ஆறு பேரும் சேர்ந்து அரக்கோணம் வண்டி பார்த்திருக்காங்க." அருள்ராஜ் என்னைப் பார்த்தான், நான் மவுஸைப் பார்த்தேன். ஜீவன் என் வரிகளைத் தேடிப் பிடித்து அழித்தான். வெள்ளிக்கிழமை சாயங்காலம்வரை எதையும் தொடக்கூடாது, அன்றைக்கு வந்து பார்ப்போம் என்று தீர்ப்பாயிற்று. மூப்பர் படியேறும்போது திரும்பி நின்று சொன்னார்:

"ஞாயித்துக்கிழமை ஆராதனைக்குக்கூட நம்ம ஜனங்க இப்படி ஒரே நேரத்துக்கு வந்து நான் பார்த்ததில்லப்பா!"

கன்னி ராசி

அந்த வாரம் முழுக்க அருள்ராஜ் வாடிக்கையாளர்களின் முதுகுக்குப் பின்னால் நின்றான். கடுப்பாகிப் பாதிப் பேர் பக்கத்துத் தெரு சென்டருக்கு நகர்ந்தார்கள். "அண்ணா, மாமனார் இப்பவே எனக்கு ஏப்ரன் துவைச்சு வெச்சிருப்பார்" என்று புலம்பினான்.

வெள்ளிக்கிழமை வந்தது. ஐந்து மெஷினில் கிரிக்கெட் ஸ்கோரும் விசா விண்ணப்பமும்தான். மூலை மெஷினைத் திறந்ததும் ஜீவன் உரக்கப் படித்தான்: "கன்னி ராசி, இன்றைய பலன். கன்னி ராசி, வாரபலன். கன்னி ராசி, குருப்பெயர்ச்சி. தினமும் காலைல பதினோரு மணிக்கு. யாரு மாமா இது?"

தினமும் பதினோரு மணிக்கு அங்கே உட்காருகிறவர் ஒருவர்தான். மஸ்கட்டில் இருக்கும் மகனுக்கு மெயில் போட மாடியிலிருந்து இறங்கி வருவார். ஜாதகம் பார்ப்பது பாவம் என்று போன மாதம்தான் சபையில் முழங்கியிருந்தார். அருள்ராஜ் முன் வரிசையில் இருந்து கேட்டவன். இப்போது அவன் மின்விசிறியை அண்ணாந்து பார்த்தான். நான் ஸ்க்ரூடிரைவரில் துரு இருக்கிறதா என்று ஆராய்ந்தேன். மூப்பர் தொண்டையைச் செருமினார்.

"அசிங்கமான படம் எதுவும் இல்லையேப்பா? அது போதும். மத்தவங்க சொந்த விஷயத்துல நாம ஏன் மூக்கை நுழைக்கணும்? நீ கிளம்பு ஜீவா, அக்கா தேடும்."

ஜீவனின் பைக் சத்தம் தெருமுனை தாண்டும்வரை காத்திருந்துவிட்டு, மூப்பர் என் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார். குரல் காதோடு வந்தது.

"தம்பி, அருள்ராஜ் எத்தனை வருஷம் வேணாலும் இங்க இருக்கட்டும். நீ அந்த நாலு வரியைத் திரும்பப் போட்டுடு. ஆனா அது காலைல மட்டும் ஓடி என்ன பிரயோஜனம்? நான் எழுந்து போனதும் அந்த மூலை மெஷினை ஒரு தடவை அணைச்சு மறுபடி போடச் சொல்லு."

இத்தனை வருஷத்தில் என்னைக் கூப்பிட்டவர்கள் எல்லோரும் மறைக்க ஏதோ ஒன்றை வைத்திருந்தவர்களே என்பதால், ஒன்றுமே இல்லாத மனிதர் பெங்களூரில் யாராவது உண்டா என்று கேட்டால் தொழில்முறையில் எனக்குத் தெரியாது.