ஆசிர் வாங்கிய சிவப்புக் கார்

"டங்... டங்..." என்று கார் ஷெட்டிலிருந்து வந்துகொண்டிருந்த சத்தம் சட்டென்று "பொத்" என்று அமுங்கியது. முன்னறையில் உட்கார்ந்திருந்த லாசர் ஷெட்டுப் பக்கம் காதைத் திருப்பினார். பழைய கார்கள் வாங்குகிற யுவராஜ், கோவையிலிருந்து வந்து, அங்கே காருக்கு அடியில் படுத்துத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

லாசர் மாரமங்கலம் பக்கம் காபி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்தவர். ஒரே மகன் ஆசிர், மெக்கானிக். சம்பாதித்ததையெல்லாம் கொட்டி, யாரும் சீந்தாத ஒரு ஸ்போர்ட்ஸ் காரை வாங்கி வந்தான். இரண்டே சீட்டு. மேலே மூடி கிடையாது. ஏற்காட்டு மழைக்கு மூடியில்லாத கார்!

"ஏஞ்சாமி, குடை புடிக்க ஒரு ஆளைச் சம்பளத்துக்கு வெக்கோணுமா?" என்று சர்ச் வாசலில் எல்லோர் முன்னாலும் கேட்டுச் சிரித்தார் லாசர்.

"சிரிங்கப்பா. மலிவான காருன்னு அவனவன் ஒடச்சுப் போட்டுட்டான். மிஞ்சுனதுக்கு ஒருநாள் மவுசு வரும், பாருங்க."

அந்த நாளுக்கு முன்பே காமாலை அவனைக் கொண்டுபோய்விட்டது. இருந்தவரை நம்பாத பேச்சை, அடக்கம் முடிந்த அன்றிலிருந்து லாசர் வேதவாக்காகப் பிடித்துக்கொண்டார். பிள்ளையைத் துடைப்பதுபோல் காரைத் துடைத்தார். மழைக்கு முன் காபி இலை அழுகாமலிருக்க மயில்துத்தமும் சுண்ணாம்பும் கரைத்து அடிப்பார்கள். மிஞ்சிய மருந்தை வருஷம் தவறாமல் காரின் அடியிலும் பூசிவந்தார். செடியைக் காப்பது இதைக் காக்காதா?

யுவராஜ் உள்ளே வந்தார். கையெல்லாம் துரு.

"மேல ஃபைபருங்க, புதுசாட்டமே இருக்குது. இப்ப இந்தக் காருக்கு நொம்பக் கிராக்கி. உங்க பையன் கணிச்சது சரிதானுங்க."

லாசரின் கண்கள் நிறைந்தன. "அப்பவே சொன்னானுங்க... நாந்தான் சிரிச்சேன்."

"ஆனா அடிச்சட்டம் பூராவும் அரிச்சுப்போச்சுங்களே. கை வெச்சா உதிருது. மயில்துத்தம் இரும்பைத் தின்னுருமுங்க. யாருங்க பூசுனது?"

லாசர் தன் உள்ளங்கைகளைப் பார்த்தார். காபி டம்ளரோடு வந்த மனைவி சாந்தாமேரி அவர் முகத்தைப் பார்த்தாள்.

"நாந்தானுங்க," என்றாள். "வெவரமில்லாம பூசிப்போட்டேன்."

யுவராஜ் தயங்கினார். "கண்ணாடி, சக்கரமெல்லாம் கழட்டிக் குடுத்தீங்கன்னா..."

"வேண்டாமுங்க," என்றார் லாசர். "ஒருக்கா அடக்கம் பண்ணியாச்சு. இன்னொருக்கா என்னால ஆவாதுங்க."

யுவராஜ் காபியைத் தொடவில்லை. கும்பிட்டுவிட்டுப் படியிறங்கினார்.

"நீ ஏம்மா பழியை..." லாசர் வாய்விட்டு அழ ஆரம்பித்தார்.

அந்த அழுகை போகிறவர் காதில் விழவேண்டாமென்று, சாந்தாமேரி ஓடிப்போய்க் கதவைச் சாத்தினாள்.