மேனேஜருக்கு யார் பேர் போடுவது

நான் மேனேஜர் ஆன செய்தியை அம்மா டயகம தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வீடுகள் முழுக்கச் சொல்லிவிட்டாள். எதற்கு மேனேஜர் என்பதை மட்டும் சொல்லவில்லை. அடுத்த முறை நான் வீட்டுக்குப் போனபோது வாசலில் ஆட்கள் காத்திருந்தார்கள். பக்கத்துக் காம்பரா வீட்டுக்காரருக்குக் கூரைத் தகரம் மாற்ற வேண்டுமாம். இன்னொருவருக்குத் தண்ணீர்க் குழாய். தோட்டத்தில் மேனேஜர் என்றால் தொரை, கூரையிலிருந்து சம்பளம் வரை எல்லாம் அவர் கையில். அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தமே கிடையாது. நான் நுவரெலியாவில் ஒரு பெண்கள் ஹொக்கி அணிக்குத்தான் மேனேஜர், என் கையில் இருப்பதெல்லாம் ஒரு ஐஸ் பெட்டியும் ஒரு விசிலும்தான் என்று எடுத்துச் சொல்லிப் பார்த்தேன். தகரம் கேட்டவர் தலையை ஆட்டிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். "தொரையான ஒடனே தொரை மாதிரியே பேசுது பாரு" என்று பக்கத்தில் நின்றவரிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அதற்கு முன்னால் நான் ஆட்டக்காரி. அம்மா வார்த்தையில் சொன்னால், கம்பு புடிச்சுப் பொழச்சவ. நுவரெலியாவில் பள்ளிக்கூட விடுதியில் இருந்தபோதுதான் மட்டையைத் தொட்டேன். அந்த ஊர் மைதானத்தில் பந்து எந்தப் புல்லுக்கு மரியாதை கொடுத்து எந்தப் பக்கம் திரும்பும் என்று யாராலும் சொல்ல முடியாது. பனி இறங்கிவிட்டால் பந்தைக் கண்ணால் தேடிப் பயனில்லை, மட்டையில் படுகிற சத்தத்தைக் கேட்டுத்தான் ஓட வேண்டும். அப்படி ஓடிப் பழகிய என்னைக் கொழும்பில் ஒரு கம்பெனி தன் அணிக்கு ஆடுவதற்காக வேலைக்கு எடுத்தது. பெயருக்குக் கணக்குப் பிரிவில் ஒரு நாற்காலி. உண்மையான வேலை சாயங்காலம், பச்சைக் கம்பளம் விரித்த மாதிரி இருக்கும் செயற்கைத் தரையில். பந்து சொன்ன பேச்சைக் கேட்டு நேராக வந்ததைப் பார்த்து முதல் நாள் எனக்குச் சந்தேகமாகவே இருந்தது.

முன்வரிசையில் இடது ஓரம் என் இடம். பல வருஷம் அதை யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. நல்லாத்தான் ஆடினேன், அடக்கத்துக்காக அதை மறைக்கப் போவதில்லை. ஒரே ஒரு குறை, அம்மா என் ஆட்டத்தை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. ஆட்டமெல்லாம் கொழும்பில் நடந்தது. அவளுக்கு மலையில் கொழுந்து பறிக்கிற வேலை இருந்தது. பிறகு என் முதுகு ஒத்துழைக்க மறுத்துவிட்டது. ஆடுவதை விட்ட அன்று அழவில்லை என்று இதுவரை எல்லோரிடமும் சொல்லி வந்திருக்கிறேன். அது பொய். ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் ஹட்டன் வரும்வரை அழுதேன்.

ஊருக்குத் திரும்பியதும் நுவரெலியா அணிக்காரர்கள் என்னைப் பிடித்து மேனேஜர் ஆக்கினார்கள். பஸ் பேசுவது, மைதானத்துக்கு அனுமதி வாங்குவது, நடுவர்களிடம் சிங்களத்தில் சிரித்துப் பேசுவது, கோல்கீப்பரின் கால்காப்புகள் வண்டியில் ஏறிவிட்டனவா என்று பார்ப்பது எல்லாம் என் தலையில். தோற்றால் நிர்வாகம் திட்டும், ஜெயித்தால் ஆட்டத்தில் இறக்காமல் விட்ட பெண்கள் திட்டுவார்கள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

அந்த அணியில்தான் என் தங்கை நடு ஆட்டக்காரியாக இருந்தாள். வட்டகொடைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். பந்தை அவளைத் தாண்டிக் கொண்டுபோவது லேசான காரியமில்லை. ஆனால் அவளுடைய வலது முழங்கால் கெட்டுப்போயிருந்தது. டொக்டர் ஆட்டத்தையே விடச் சொன்னார். இந்த வருஷப் போட்டியின் இறுதி ஆட்டத்தோடு விட்டுவிடுகிறேன் என்று அவளும் ஒத்துக்கொண்டாள். அப்போதுதான் அம்மா ஓய்வு பெற்று வீட்டில் இருந்தாள். இறுதி ஆட்டத்தைப் பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பினாள்.

இறுதி ஆட்டத்துக்கு முந்தின நாள் பயிற்சி முடிந்ததும் தங்கையிடம், நாளைக்கு இடைவேளைக்குப் பிறகுதான் உன்னை இறக்குவேன் என்று சொன்னேன்.

"அம்மா மொத தடவையா வாராங்கக்கா. முழுசா ஆடணும்" என்றாள்.

அந்த முழங்கால் பாதி ஆட்டத்துக்குத்தான் தாங்கும், அதற்கு மேல் ஓடினால் பிறகு வகுப்பில் நிற்கக்கூட முடியாது என்று விளக்கினேன். அவள் மட்டையைப் பையில் போட்டுக்கொண்டே, "நீயா இருந்தா வெளிய ஒக்காந்திருப்பியா?" என்று கேட்டாள்.

உட்கார்ந்திருக்க மாட்டேன். அது இரண்டு பேருக்குமே தெரியும். அதனால் ஐஸ் பெட்டியைக் கழுவினேன். அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போனாள்.

இங்கே எங்கள் அணியின் கேலி ஒன்றைச் சொல்ல வேண்டும். தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்குக் கணக்கில் ஒரு பேர் போடுவார்கள், அதற்குத்தான் முழுச் சம்பளம். கொழுந்து நிறுவையில் குறைந்தால், நாள் முழுக்க மலையில் நின்றிருந்தாலும் அரைப்பேர்தான். எங்கள் பெண்களில் பாதிப் பேர் தோட்டத்துப் பிள்ளைகள், அதனால் பாதி ஆட்டத்தில் இறங்குகிறவளை அரைப்பேர் என்று கூப்பிட்டுச் சிரிப்போம். எங்கள் கோச் சிங்களவர், எல்லோரையும் நங்கி, அதாவது தங்கச்சி, என்றே கூப்பிடுகிற தங்கமான மனிதர். மாற்று ஆட்டக்காரிக்குத் தமிழில் அதுதான் சரியான சொல் என்று அவர் நம்பிவிட்டார். நாங்களும் திருத்தவில்லை, கேட்க அவ்வளவு நன்றாக இருந்தது.

மறுநாள் அம்மா டயகமவிலிருந்து பஸ் மாறி மாறி நுவரெலியா மைதானத்துக்கு வந்து சேர்ந்தாள். நல்ல சேலை, மேலே என் பழைய கம்பெனி ஜேர்சி, கையில் இஞ்சி தட்டிப் போட்ட பிளேன்டீ ஃபிளாஸ்க். வந்து உட்காருவதற்குள் கோச் தங்கையைப் பார்த்து, ஊருக்கே கேட்கும்படி, "நங்கி, இன்னிக்கு நீங்க அரப்பேரு!" என்று கூப்பிட்டார்.

அம்மா எழுந்தாள். மழைநாளில் கொழுந்து குறைந்தால்கூடத் தராசை விட்டு நகராமல் நின்று, கணக்கப்பிள்ளையோடு மல்லுக்கட்டி முழுப்பேர் வாங்கியவள் அவள். நேரே கோச்சிடம் போனாள்.

"என் சின்னவளுக்கு அரைப்பேரு போட்டது யாரு?"

அந்த மனிதருக்குப் பாதிதான் புரிந்தது. பயந்துபோய் என்னைக் கைகாட்டி, "மேனேஜர்" என்றார்.

அம்மா திரும்பி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அப்படி ஒரு பார்வையை எந்தத் தொரையும் வாங்கியிருக்க மாட்டார். கூடப் பொறந்தவளுக்கே இப்படியா என்று ஆரம்பித்தாள். முழங்கால், டொக்டர் என்று நான் சொன்னது எதுவும் அவள் காதில் ஏறவில்லை. தோட்டத்தில் நோவு என்று சாக்குச் சொல்லி அரைப்பேர் போட்ட கணக்கப்பிள்ளைகளை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள். முந்தின நாளிலிருந்து என்னோடு பேசாத தங்கைதான் நடுவில் வந்தாள்.

"அக்கா சரியாத்தான் செஞ்சிருக்கு. ஒக்காருங்கம்மா."

அந்த ஒரு வார்த்தைக்காக அவளுக்கு நான் என்ன வேண்டுமானாலும் செய்வேன். அம்மா உட்கார்ந்தாள், ஆனால் மன்னிக்கவில்லை.

முதல் பாதியில் கோல் விழவில்லை. இடைவேளைக்குப் பிறகு தங்கை இறங்கவும் பனி இறங்கவும் சரியாக இருந்தது. கொழும்பிலிருந்து வந்த எதிரணிக்குப் பந்து தெரியவில்லை. எங்களுக்கும்தான் தெரியவில்லை, ஆனால் எங்களுக்குக் காது இருந்தது. தங்கை ஒரே இடத்தில் நின்று சத்தம் கேட்டே பந்துகளை மறித்தாள். அந்த முழங்காலுக்கு அதிகம் ஓட வேண்டிய தேவையே வரவில்லை. கடைசியில் ஒரு பந்தை மறித்து, தலையைக்கூடத் தூக்காமல் இடது ஓரத்துக்கு நீளமாக அடித்தாள். என் பழைய இடம். அங்கே இருந்த பெண் அதை எடுத்துக்கொண்டு ஓடி கோல் போட்டாள். ஜெயித்துவிட்டோம்.

கோச்சும் பெண்களும் தங்கையைச் சூழ்ந்துகொண்டார்கள். நான் கோட்டுக்கு வெளியே மூச்சு வாங்கிக்கொண்டு நின்றேன். அம்மா ஃபிளாஸ்க்கோடு வந்தாள். அவள் தங்கையிடம்தான் முதலில் போவாள் என்று நினைத்தேன். என்னிடம் வந்தாள்.

"அவ உள்ள ஓடுனா. நீ வெளிய ஓடுன" என்றாள்.

அப்போதுதான் கவனித்தேன், காலில் போட்டிருந்த சப்பாத்து முழுக்கச் சேறு. அந்தப் பந்தோடு கோட்டோரமாக நானும் கடைசிவரை ஓடியிருக்கிறேன்.

"ஒனக்கு இன்னைக்கு என்ன பேரு?" என்று கேட்டாள்.

நான் சிரித்து மழுப்பினேன். "மேனேஜருக்குப் பேரு கெடையாதும்மா. தொரைக்கு யாரு பேரு போடுவா?"

அம்மா சிரிக்கவில்லை. மூடியில் டீயை ஊற்றி என் கையில் கொடுத்தாள். சேறு அப்பிய என் சப்பாத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"நான் போடுறேன்" என்றாள். "ஒனக்கு முழுப்பேரு."

அழுதேன். இந்த முறை அழவில்லை என்று யாரிடமும் சொல்லப் போவதில்லை.