கண்ணாடியக்காவின் லீட்

கண்ணாடிக் கடையின் பின்னறையில் வேலை செய்ததால் அவளை எல்லாரும் கண்ணாடியக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். வட்டமாக வரும் லென்சை ஃபிரேமின் அளவுக்கு விளிம்பு தேய்த்து, கழுவி, துடைத்து, வெளிச்சத்தில் ஒருமுறை தூக்கிப் பார்த்து மாட்டிக் கொடுக்கிற வேலை. நாற்பத்து மூன்று வயது. வாரத்தில் ஆறு நாள் லென்ஸ், ஏழாம் நாள் பிற்பகல் கிட்டார்.

அவர்களுடைய இசைக்குழு சின்னது. பாடுவது ஒரு பள்ளிக்கூட டீச்சர். டிரம்ஸ் வாசிப்பவர் பேக்கரியில் மாவு பிசைகிறவர். பேஸ் கிட்டார் அவளுடைய கொழுந்தன். குழாய் ரிப்பேர் செய்பவன். அவனுடைய சாமான் அறையில், குழாய்த் துண்டுகளுக்கும் கழற்றிப் போட்ட வாஷ்பேசின்களுக்கும் நடுவில்தான் ஒத்திகை. கண்ணாடியக்கா லீட் கிட்டார். பாட்டின் நடுவே டீச்சர் நிறுத்துகிற இடத்தில் அவள் தனியாக வாசிக்க வேண்டும். எழுதிவைத்து வாசிப்பதல்ல, அந்த நேரத்தில் தோன்றுவதை வாசிப்பது.

தோன்றுவது என்பதெல்லாம் பேச்சுக்குத்தான். பதினெட்டு வயதில் அவளுக்கு ஒரு புத்தகம் கிடைத்தது. அதில் கிட்டார் கழுத்தின் ஐந்து படங்கள். எங்கெங்கே விரல் வைக்க வேண்டும் என்று கறுப்புப் புள்ளிகள். ஸ்கேல் என்கிற சுரவரிசையின் ஐந்து வடிவங்கள். அவற்றைக் கண்ணை மூடிக்கொண்டு வாசிக்குமளவுக்கு மனப்பாடம் செய்துவிட்டாள். எந்தப் பாட்டு வந்தாலும் சுருதியைக் கேட்பாள், படத்தை அந்த இடத்தில் பொருத்துவாள், புள்ளிகளின் மேல் சரசரவென்று ஏறி இறங்குவாள். அந்த வேகத்துக்கே கேட்பவர்கள் வாயைப் பிளந்தார்கள்.

ஒரு நாள் ஒத்திகை முடிந்து வயர்களைச் சுருட்டும்போது கொழுந்தன் மெதுவாக ஆரம்பித்தான்.

"அண்ணி, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"முதல்ல சொல்லு. அப்புறம் யோசிக்கிறேன்."

"இன்னிக்கு நாலு பாட்டு வாசிச்சோம். நாலுலயும் ஒரே லீட். பாட்டு மாறுது, உங்க கை மாற மாட்டேங்குது."

பேக்கரிக்காரர் சிரிப்பை இருமலாக மாற்றப் பார்த்தார். முடியவில்லை. கண்ணாடியக்காவின் முகம் சுண்டிப்போயிற்று.

மறுநாள் மதிய இடைவேளையில், ஒத்திகையைப் பதிவு செய்திருந்த போனைக் காதில் வைத்துக் கேட்டாள். அவன் சொன்னது பொய் என்று நிரூபிக்கத்தான். ஆனால் அழுகைப் பாட்டும் ஆட்டப் பாட்டும் அதே ஆறு சுரங்களில்தான் போய் முடிந்தன. இருபத்தைந்து வருஷமாக ஒரே வாக்கியத்தைப் பேசிக்கொண்டிருந்திருக்கிறாள். போதாக்குறைக்கு வேகமாக வேறு பேசியிருக்கிறாள்.

அவள் கணவர் தபால்காரர். காலையில் முகத்தில் சோப்பு நுரையோடு கண்ணாடி முன் நின்று சீட்டியடிப்பது அவர் வழக்கம். மறுநாள் காலை அவர் சீட்டியடித்தபோது கண்ணாடியக்கா கிட்டாரை எடுத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தாள்.

"என்னங்க, அத இன்னொரு தடவை அடிங்க."

"எத?"

"இப்ப அடிச்சீங்களே, அத."

"அது எனக்கு எப்படித் தெரியும்? வாய்க்கு வந்தத அடிச்சேன்."

ஒரு சுரத்தின் பெயர்கூடத் தெரியாத மனுஷர் தினமும் காலையில் செய்கிற காரியத்தைத்தான் அவளால் செய்ய முடியவில்லை.

அவர் வேறொன்று அடித்தார். மொத்தம் ஏழு சுரம். அவள் விரல்கள் புள்ளிகளுக்கு ஓடின. மெட்டு அங்கே இல்லை. மேலே தேடினாள், கீழே தேடினாள். அவர் முகத்தில் நுரை காய்ந்து வெடித்தது.

"ஏம்மா, ஊருக்குக் கடுதாசி போகணும். நான் சவரம் பண்ணிக்கலாமா?"

"அசையாதீங்க. கிட்ட வந்துட்டேன்."

கண்டுபிடிக்க இருபது நிமிஷம் ஆயிற்று. இருவருக்குமே வேலைக்கு நேரமாகிவிட்டது. ஆனால் மெட்டு கையில் சிக்கிய அந்தக் கணத்தில் அவள் தன்னையறியாமல் சிரித்துவிட்டாள்.

அதிலிருந்து தினமும் காலையில் இதுதான். முதல் மாதம் ஒரே ஒரு தந்தியில் மட்டும் தேடினாள். ஒற்றைத் தந்தியில் பழைய படங்கள் உதவிக்கு வராது. அடுத்த சுரம் மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா, எவ்வளவு தூரம் என்று காதுதான் சொல்ல வேண்டும். பிறகு இன்னொன்றைக் கவனித்தாள். அவர் நடுநடுவே நிறுத்தினார், மூச்சு விட வேண்டுமே. விரல்களுக்கு மூச்சு வேண்டாம் என்பதால் அவள் இத்தனை காலம் நிறுத்தவே இல்லை. இனி ஒரு மூச்சுக்கு ஒரு வரி என்று வைத்துக்கொண்டாள். வாயால் பாடிப் பார்த்த பிறகே கையால் தொட்டாள். கடையிலும் லென்ஸ் தேய்த்தபடி முனகிக்கொண்டிருந்தாள். முதலாளியம்மா திரையை விலக்கி எட்டிப் பார்த்தார்.

"உள்ள யாருக்கு உடம்பு சரியில்லைன்னு வர்றவங்க கேக்கறாங்க."

"பயிற்சிம்மா."

"நல்லா பண்ணு. கொஞ்சம் சத்தமில்லாம பண்ணு."

கொழுந்தனையும் அவள் விடவில்லை. இரண்டே கார்டுகளை, அதாவது சேர்ந்து ஒலிக்கிற இரண்டு சுரக்கூட்டுகளை, மாற்றி மாற்றி வாசிக்கச் சொல்லி, ஒவ்வொரு சுரமாக நீட்டிக் கேட்டாள். முதல் கார்டில் நிம்மதியாக உட்கார்ந்திருந்த சுரம், அடுத்த கார்டு வந்ததும் எழுந்து நின்று தவித்தது. பக்கத்துச் சுரத்துக்குப் போனால் மறுபடி அமைதி.

"அண்ணி, எனக்குத் தூக்கம் வருது."

"தூங்கிக்கிட்டே வாசி தம்பி. கார்டு மட்டும் மாறணும்."

நடுவில் கொஞ்ச காலம் அவள் வாசிப்பு படுமோசமாகப் போனது. பழைய வேகம் போய்விட்டது, புதியது இன்னும் வரவில்லை. ஒத்திகையில் பாதி வழியில் திகைத்து நின்றாள். டீச்சர் அவளைத் தனியே அழைத்து, வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்று விசாரித்தார். "வீட்டுல ஒண்ணும் இல்ல டீச்சர், விரல்லதான்" என்றாள்.

நாலாம் மாதம் நூலகத்தின் புதுக் கூடத்தைத் திறந்தார்கள். அன்று பிற்பகல் இவர்களுடைய பாட்டு. எண்பது நாற்காலியும் நிறைந்திருந்தது. தபால்காரர் பையைக்கூட இறக்கிவைக்காமல் பின்சுவரில் சாய்ந்து நின்றார்.

மூன்றாவது பாட்டு நிதானமானது. டீச்சர் வரியை முடித்து ஒதுங்கினார். கண்ணாடியக்கா வாசிக்கவில்லை. நாலு தாளம் சும்மா நின்றாள். கொழுந்தன் கலவரத்தோடு அவளைப் பார்த்தான். அவளோ டீச்சர் கடைசியாகப் பாடிய மூன்று சொற்களை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அதையே மூன்று சுரமாக வாசித்து நிறுத்தினாள். மறுபடி அதே மூன்று, கடைசி மட்டும் கேள்வி கேட்பதுபோல் மேலே. கார்டு மாறியது. எந்தச் சுரம் அங்கே போய் உட்காரும் என்று கைக்கு முன்பே காதுக்குத் தெரிந்திருந்தது. அதில் போய் இறங்கினாள். முன்வரிசையில் ஒருத்தி, யாரோ ஜோக் சொன்னதுபோல் களுக்கென்று சிரித்தாள்.

டீச்சர் திரும்பப் பாட வேண்டிய இடம் வந்தது. அவர் மைக்கைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டே நின்றுவிட்டார். கொழுந்தன் தாடையால் சைகை செய்தான்: போங்க அண்ணி, இன்னொரு சுற்று. அவள் போனாள். இந்தச் சுற்றில் என்ன வாசித்தாள் என்று அவளுக்கே பிறகு சொல்லத் தெரியவில்லை.

வெளியே வந்ததும் தபால்காரர் பக்கத்திலிருந்தவரிடம், "அதுல பாதி என் மெட்டு" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஒண்ணுகூட உங்களோடது இல்ல" என்றாள் கண்ணாடியக்கா. "எல்லாம் அங்கயே வந்தது."

அவர் முகம் ஒரு கணம் வாடியது. அப்புறம், எல்லாம் அவளுக்கே தோன்றியது என்று புரிந்ததும், அவளைவிட அவருக்குத்தான் சந்தோஷம் தாங்கவில்லை.

அடுத்த ஒத்திகையில் கொழுந்தன், "அன்னிக்கு வாசிச்சதையே வெச்சுக்கலாம் அண்ணி" என்றான். அவள் மாட்டேன் என்றுவிட்டாள். புதிதாகத் தொடங்கினாள். இரண்டாவது வரியிலேயே தப்பான சுரத்தில் போய் விழுந்தாள். கேட்கச் சகிக்கவில்லை. முன்பானால் வேகமாக ஓடி மறைத்திருப்பாள். இப்போது அங்கேயே நின்று, தந்தியை விரலால் மெல்ல மேலே தள்ளினாள். சுரம் முனகிக்கொண்டே ஏறி, சரியான இடத்தில் போய்ச் சேர்ந்தது. பேக்கரிக்காரர் சபாஷ் என்பதுபோல் டிரம்ஸ் குச்சி ஒன்றை உயர்த்திக் காட்டினார்.

"தப்பா வந்துச்சா, இல்ல வேணும்னே வாசிச்சீங்களா?" என்று கேட்டார் டீச்சர்.

"தப்புதான். நல்லா இருந்துச்சு இல்ல?" என்றாள் கண்ணாடியக்கா. வாஷ்பேசின் விளிம்பில் எல்லாருக்கும் வைத்திருந்த டீ ஆறிக்கொண்டிருந்தது. யாரும் எடுக்கவில்லை, பாட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கியது.