தரை சுத்தமாக இருந்த பதினோரு நாட்கள்

விட்டால் ஒரு குதிரை நாளில் பதினைந்து, பதினாறு மணி நேரம் தின்னும். ஒரே மூச்சில் அல்ல. கொஞ்சம் கொஞ்சமாக, நின்று நின்று. இந்த உண்மையைக் கண்டுபிடித்த அன்றே நான் எக்செல் ஷீட்டில் ஏற்றிவிட்டேன். ஏற்றிய கட்டத்தின் தலைப்பு: ‘வீணாகும் நேரம்’.

எங்கள் லாயத்தில் புதிதாகச் சேர்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எனக்கு இங்கே மூன்று வருஷம் ஆகிறது. இந்த வட்டாரத்தில் மூன்று வருஷம் ஒரே கேட்டுக்குள் நுழைந்தவன் மூத்தவன்தான்.

1. நேர்காணல்

எங்கள் வீட்டில் கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போட்ட முதல் ஆள் நான். டிப்ளமோ மெக்கானிக்கல். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, ஒரகடத்தில் பிரேக் தயாரிக்கும் லைனில் காண்ட்ராக்டில் இருந்தேன். காண்ட்ராக்ட் முடிந்த வாரம், பிள்ளைப்பாக்கத்தில் நான் தங்கியிருந்த ரூமுக்குக் கீழே டீக்கடையில் ஒரு நோட்டீஸ்: குதிரையேற்றம் சொல்லித்தரும் இடத்துக்கு சூப்பர்வைசர் தேவை.

வல்லக்கோட்டை ரோட்டில் இருந்தது அந்த இடம். உரிமையாளர் ஒரு பெரிய தொழிற்சாலையை வருஷக்கணக்கில் நடத்திவிட்டு ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது அவர் மட்டும்தான். தொழிற்சாலை அவருக்குள் மூன்று ஷிப்டும் ஓடிக்கொண்டிருந்தது. ஆறு குதிரைகளுக்கும் அவரே பெயர் வைத்திருந்தார். டர்போ, பிஸ்டன், கியர், இப்படி.

“குதிரையப் பத்தி என்ன தெரியும்?”

“ஒண்ணும் தெரியாது சார்.”

“குட். ஃபைவ் எஸ் தெரியுமா?”

“தெரியும் சார்.”

“நாளைக்கே வந்துடு.”

ஃபைவ் எஸ் என்பது வேலையிடம் எவ்வளவு சுத்தம், எவ்வளவு ஒழுங்கு என்று பார்த்து மார்க் போடும் முறை. ஐந்துக்கு எத்தனை என்று தினமும் போர்டில் எழுத வேண்டும்.

அம்மாவிடம் போனில் சொன்னேன். “சாணி அள்ளவாலே உன்னயப் படிக்க வச்சோம்?”

“சாணி இல்லம்மா, லத்தி.”

“ஆமா, அதுக்கு டிப்ளமோ வேணுமாக்கும்!”

2. பச்சை நிறச் சார்ட்

குதிரைகளைக் கழுவி, தீவனம் வைத்து, அறை பெருக்குவது மண்ணூர் ஆரோக்கியமேரி அக்கா. எனக்கு முன்பே சேர்ந்தவர்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சார் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கையில் ஸ்டாப்வாட்ச்சோடு டர்போவைப் பார்த்தார். டர்போ ஒரு செம்பட்டைப் பெண்குதிரை. காய்ந்த புல்லை மென்றுகொண்டிருந்தது. ஒரு மணி நேரம் கழித்தும் மென்றுகொண்டிருந்தது.

“முத்து, நாள் பூரா கேன்டீன்லயே இருக்குது. எனர்ஜிதானே வேணும்? ஓட்ஸ்லயும் கொள்ளுலயும் இருக்குற எனர்ஜிக்கு எதுக்கு இவ்ளோ புல்லு? புல்லக் குறை, தானியத்தை ஏத்து. காலைல ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. முடிஞ்சுது.”

எனக்குப் புல்லரித்தது. அன்றே சார்ட் போட்டேன். குதிரைக்கு எட்டு கிலோ புல் மூன்று கிலோவானது. ஓட்ஸும் கொள்ளும் இரண்டு பங்கானது. பச்சை நிறத்தில் பார்டர். கீழே ‘தயாரித்தவர்’ என்ற இடத்தில் என் கையெழுத்து, ‘ஒப்புதல்’ என்ற இடத்தில் சாருடைய கையெழுத்து. லேமினேட் செய்து மாட்டினேன்.

தீவனத்தை மாற்றுவதென்றால் பத்துப் பதினைந்து நாளாவது சிறுகச் சிறுக மாற்ற வேண்டும். இது எனக்குப் பிற்பாடு தெரிந்தது. நாங்கள் திங்கட்கிழமை முதல் ஷிப்டிலேயே மாற்றிவிட்டோம்.

அக்கா சார்ட்டை நின்று படித்தார். “இன்னா சூப்பர்வைசரு, பெல்லு எப்ப அடிப்ப?”

“அக்கா, இது சயின்ஸ்.”

“சயின்ஸ் நல்லாதான் கீது. அந்தப் புள்ளைக்கு வயிறுன்னு ஒண்ணு கீதே, அத்த எந்தக் கட்டத்துல போட்ட?”

படிக்காதவர்கள் இப்படித்தான் கேட்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

3. ஐந்துக்கு ஐந்து

சாயங்காலம் குதிரை படுக்க அறையில் வைக்கோல் பரப்புவோம். காலையில் அது நனைந்து, மிதிபட்டு, லத்தியோடு கலந்து கிடக்கும். பெருக்கி முடிப்பதற்குள் அக்காவுக்கு இடுப்பு விட்டுப்போகும்.

செவ்வாய்க்கிழமை காலை டர்போவின் அறையில் தரை பளிச்சென்று இருந்தது. மூலையில் நனைந்த வைக்கோல் ஒரு கைப்பிடி. சார் வாசலிலேயே நின்றுவிட்டார்.

“பிரமாதம்! அஞ்சுக்கு அஞ்சு!”

“சார், நான் இன்னும் தொடப்பத்தையே தொடல சார்” என்றார் அக்கா.

“பாத்தியா முத்து, இதான் தன்னடக்கம்.”

போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டார். மறுநாளும் பளிச். அதற்கு மறுநாளும். பதினோரு நாள் பதினோரு ஐந்துகளை என் கையால் போர்டில் எழுதினேன். அக்காவுக்கு ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸ் பரிசு.

“பெருக்காததுக்கு பிரைஸ் குடுக்குற கம்பெனி இந்த ரோட்லயே இது ஒண்ணுதான்பா” என்றார் அக்கா. எனக்குக் கொஞ்சம் பொறாமையாக இருந்தது.

அந்த நாட்களில் நான் வேறு சிலவற்றையும் கவனித்தேன். கவனிக்கவில்லை என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. பிஸ்டன் மரக்கதவைக் கடித்து மென்றது. ‘கதவு தேய்மானம்’ என்று குறித்தேன். டர்போ போடும் லத்தி நாளுக்கு நாள் குறைந்தது. ‘கழிவு குறைந்துள்ளது’ என்று பச்சை மையில் எழுதினேன்.

4. லைன் நின்றது

பன்னிரண்டாம் நாள் காலை ஆறரை மணி. “முத்து! ஓடியா! புள்ள வயித்தத் திரும்பித் திரும்பிப் பாக்குதுபா!”

டர்போ ஓட்ஸைத் தொடவில்லை. முன்னங்காலால் தரையைப் பிறாண்டியது. படுத்தது, எழுந்தது, மறுபடி படுத்தது. கழுத்தெல்லாம் வேர்வை. சாருக்கு போன் செய்தேன்.

“ஒரு ரவுண்டு ஓட்டிப் பாரு, சரியாயிடும்.”

நல்ல வேளை, அதற்குள் அக்கா கால்நடை மருத்துவருக்குப் போன் போட்டிருந்தார். “ஓட்டவே கூடாது. தீவனம் எல்லாத்தையும் வெளிய எடுங்க. புரளப் பார்த்தா மெதுவா நடத்துங்க. குதிரைக்கு வாந்தி எடுக்க வராது. உள்ள போனது பின்பக்கமாத்தான் வந்தாகணும். நான் கிளம்பிட்டேன்” என்றார் டாக்டரம்மா.

கிளம்பிவிட்டார்தான். ஆனால் அது கம்பெனி பஸ்கள் எல்லாம் ரோட்டுக்கு வருகிற நேரம். இரண்டு மணி நேரம் நானும் அக்காவும் டர்போவை நடத்தினோம். அக்கா மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டே நடந்தார். நடுநடுவே என்னையும் கூப்பிட்டார். அந்த வார்த்தைகளை இங்கே எழுத முடியாது.

டாக்டர் வந்து வயிற்றில் ஸ்டெதஸ்கோப் வைத்தார். “இங்க எப்பவும் மெஷின் ஓடுற மாதிரி சத்தம் கேக்கணும். ஸ்ட்ரைக் மாதிரி இருக்கு.” பிறகு தோள் வரை உறை மாட்டிக் கையை உள்ளே விட்டார். “கட்டியா அடைச்சு நிக்குது. வைக்கோல் தின்னுச்சா?”

“தின்ன வைக்கோல் போடுறதே இல்ல டாக்டர்” என்றார், அதற்குள் வந்துவிட்ட சார்.

“படுக்கைக்கு?”

“அது போடுவோம்.”

“காலைல மிச்சம் கிடக்குமா?”

மூன்று பேர் கண்ணும் போர்டுக்குப் போனது. டாக்டரும் திரும்பிப் படித்தார்.

“பசியில பதினோரு நாளா படுக்கையத் தின்னுருக்கு. நீங்க மார்க் போட்டுருக்கீங்க.”

மூக்கு வழியாகக் குழாய் விட்டுத் தண்ணீரும் பாரஃபின் எண்ணெயும் ஊற்றினார். வலிக்கு ஊசி போட்டார். “இளகுச்சுன்னா பிழைக்கும். இல்லன்னா ஆபரேஷன். அதுக்குக் கொண்டு போற வரைக்கும் தாங்குமான்னு சொல்ல முடியாது.”

நாங்கள் நான்கு பேரும் ஒரு குதிரையின் வாலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். மத்தியானம் அம்மா கூப்பிட்டாள். “என்னலே செய்யுத?”

“லத்தி போடுதான்னு பாத்துக்கிட்டு இருக்கேம்மா.”

போனை வைத்துவிட்டாள்.

நாலு மணிக்கு அக்கா கத்தினார். “போட்டுச்சு! போட்டுச்சுபா!” மூன்றே மூன்று உருண்டை, எண்ணெய் மின்ன. இஸ்திரி போட்ட பேன்ட்டோடு சார் மண்டியிட்டுப் பார்த்தார். போட்டோவும் எடுத்தார். குழுவில் அதற்கு யாரும் லைக் போடவில்லை.

5. ஐந்தாவது ஏன்

மறுநாள் சார் ஒரு படிவம் கொடுத்தார். கோளாறு நடந்தால் ‘ஏன்’ என்று ஐந்து முறை கேட்டு வேரைக் கண்டுபிடிக்கும் படிவம். முதல் ஏன்: வயிறு அடைத்தது, வைக்கோல் தின்றதால். இரண்டாவது ஏன்: வைக்கோல் காணாமல் போனதைப் பெருக்குகிறவர் சொல்லவில்லை.

“இங்கயே நிறுத்திக்கோ. மேரிய நிறுத்திடலாம்” என்றார் சார்.

பிரேக் லைனில் ஒரு தடவை இரண்டாவது ஏனில் என் பெயர் நின்றிருக்கிறது. காண்ட்ராக்ட் எப்படி முடிந்தது என்று மேலே நான் விளக்கவில்லை.

இரண்டாவதை அடித்து எழுதினேன். ஏன் வைக்கோல் தின்றது? பசி. ஏன் பசி? புல்லைக் குறைத்தோம். ஏன் குறைத்தோம்? தின்பதை வீண் நேரம் என்று கணக்குப் போட்டோம். ஐந்தாவது: ஏன் அப்படிப் போட்டோம்? சார்ட் போட்டவனுக்கும் ஒப்புதல் கொடுத்தவருக்கும் குதிரையைப் பற்றித் தெரியாது. தெரிந்தவர் சொன்னபோது இருவருமே கேட்கவில்லை. கீழே என் கையெழுத்து.

சார் வெகுநேரம் படித்தார். “அஞ்சாவது அவசியமா முத்து?”

“படிவத்துல அஞ்சு கட்டம் இருக்கு சார்.”

படிவத்தை அவரால் மறுக்க முடியாது. கையெழுத்துப் போட்டார். அக்கா இருக்கிறார். புல் சிறுகச் சிறுக எட்டு கிலோவுக்குத் திரும்பியது. இப்போது வலைப்பையில் கட்டித் தொங்கவிடுகிறோம், நாள் முழுக்க.

அடுத்த மாதம் சவாரிக்கு வந்த மேனேஜர்களிடம் சார் விளக்கிக்கொண்டிருந்தார்: “நிக்காத லைன்! குதிரை எப்பவும் மென்னுக்கிட்டே இருக்கணும். நம்ம சிஸ்டம்.”

“பாரேன், புல்லு துன்றதக் குதிரைக்கு இவருதான் கண்டுபிடிச்சுக் குடுத்தாராம்” என்றார் அக்கா.

புதியவர்களே, காலையில் வந்ததும் போர்டைப் பார்க்காதீர்கள், லத்தியைப் பாருங்கள். தரை சுத்தமாக இருந்தால், பெருக்கியது யார் என்று முதலில் கேளுங்கள்.

டர்போவின் அறையில் இப்போது தினமும் வைக்கோல் நாறிக் கிடக்கிறது. ஐந்துக்கு இரண்டு. நான்தான் மார்க் போடுகிறேன், சந்தோஷமாக.