சகாயராஜின் மொட்டைக்கழுத்துச் சேவல்

சகாயராஜைப் பற்றி நல்லதாக ஏதாவது சொல்லித் தொடங்கலாம் என்று யோசித்துப் பார்த்தேன். குடிக்க மாட்டான். வாரம் தவறாமல் கோயிலுக்குப் போவான். அவ்வளவுதான், தீர்ந்துவிட்டது.

விருத்தாசலத்தில் நாங்கள் வேலை பார்த்த செராமிக் கம்பெனியில் அவன் அச்சு செய்கிறவன், நான் பொம்மைகளுக்கு வர்ணம் அடிக்கிறவள். வீடும் பக்கத்துப் பக்கத்து வீடு. 2003-இல் மங்கலம்பேட்டையில் யாரிடமோ சொல்லிவைத்து ஒரு சேவலும் மூன்று பெட்டைகளும் வாங்கிவந்தான். மொட்டைக்கழுத்துக் கோழிகள். தலையில் கொஞ்சம் இறகு, உடம்பில் இறகு, நடுவில் கழுத்து மட்டும் சிவப்பாக வெறும் தோல். பாதி பிடுங்கிக்கொண்டிருந்தவர் எழுந்து போய்விட்ட மாதிரி இருக்கும். அந்த அழகுக்கு அவன் அடித்துக்கொண்ட பெருமை தாங்க முடியாது.

“வெயிலு தாங்கும்க்கா. பிடுங்கற வேலயும் பாதி மிச்சம்” என்பான். அவன் என்றைக்குக் கோழி பிடுங்கினான்? அதெல்லாம் அவன் பெண்டாட்டி விமலாராணி செய்வது.

முதல் இரண்டு வருஷம் நிறையக் குஞ்சு பொரித்தது. சில குஞ்சுகளுக்குக் கழுத்தின் முன்பக்கம் ஒரு கொத்து இறகு இருக்கும்; சாதாரணக் கோழியின் கலப்பு இருந்தால் அப்படி வரும். கீறல் விழுந்த பொம்மையைக் கம்பெனியில் செகண்ட்ஸ் என்று ஒதுக்குவோம் இல்லையா, இவனும் அந்தக் குஞ்சுகளைச் செகண்ட்ஸ் என்று ஒதுக்கிக் குழம்பு வைக்கச் சொன்னான். சேவல் குஞ்சுகளில் சுத்த மொட்டைக் கழுத்தையும் விட்டுவைக்கவில்லை. “நல்ல அச்சு ஒண்ணு இருந்தா போதும்க்கா. எல்லா உருப்படியும் அதுலேருந்து எடுத்துக்கலாம்” என்றான். அந்த ஒரே சேவல் தன் மகள்களோடும் பேத்திகளோடும் குடித்தனம் நடத்தியது.

இதைச் சொன்னவன் அச்சு செய்கிறவன் என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. எண்பது, நூறு தடவை மண் கரைசல் ஊற்றினால் பிளாஸ்டர் அச்சு தேய்ந்துபோகும். யானைக்குக் கண் மழுங்கும், தும்பிக்கை ஒட்டிக்கொள்ளும். பழைய அச்சைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது செய்வதற்குத்தான் அவனுக்குச் சம்பளமே. ஆனால் வீட்டுக்கு வந்துவிட்டால் அந்த மூளையைக் கழற்றி வைத்துவிடுவான்.

2007 கோடையிலிருந்து ஒரு முட்டையும் பொரிக்கவில்லை. இருபத்தொரு நாள் கோழி உட்கார்ந்து காத்ததெல்லாம் கூமுட்டை. “பெட்டைங்க சரியில்ல” என்று தீர்ப்புச் சொல்லி இரண்டை அறுத்துத் தின்றான். மிச்சம் நான்கு இருந்தன. சேவலை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

சொல்ல மாட்டான். அவன் வீட்டில் அது பழகிய தீர்ப்பு. கல்யாணமாகி எட்டு வருஷம் குழந்தை இல்லை. விமலா தனியாகவே கடலூருக்குப் போய் டாக்டரம்மாவைப் பார்த்தாள். உனக்கு ஒரு குறையும் இல்லை, உன் வீட்டுக்காரரை வரச் சொல் என்று அந்த அம்மா சொல்லி மூன்று வருஷமாகிவிட்டது. “ஆம்பளைக்கு என்னா டெஸ்ட்டு?” என்று கேட்டுவிட்டுப் போனவன்தான். ஆனால் டீக்கடையிலும் கம்பெனியிலும் அவளிடம்தான் குறை என்று பேசினான். அவனுடைய அம்மா கெடுவும் வைத்துவிட்டாள்: கிறிஸ்துமஸுக்குள் ஒன்றும் தங்கவில்லை என்றால் விமலாவைக் கம்மாபுரத்தில் அவளுடைய அண்ணன் வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட வேண்டும்.

“அண்ணி கையால சோத்துக்கு நிக்கணும்க்கா.” என்று மதில் சுவர் பக்கம் நின்று விமலா சொன்னாள். எனக்கு அவன் மேல் பற்றிக்கொண்டு வந்தது.

ஆகஸ்ட் கடைசியில் அவன் காவி கட்டிக்கொண்டு, பிள்ளை வரம் வேண்டி வேளாங்கண்ணிக்கு நடைப்பயணம் புறப்பட்டான். முந்நூறு ரூபாய் டெஸ்ட்டுக்குப் பஸ் ஏற மாட்டான், ஐந்து நாள் நடப்பான். அவன் தெரு திரும்பியதும் விமலா எங்கள் வீட்டுக்கு வந்தாள்.

“துர்காக்கா, உங்க சேவல ரெண்டு வாரம் வுடுங்க.”

எங்களுடையது கழுத்து நிறைய இறகுள்ள சாதாரண நாட்டுச் சேவல். கொடுத்தேன். சகாயராஜின் சேவலைப் பஞ்சாரக் கூடை கவிழ்த்து மூடினாள். இரண்டாவது வாரத்து முட்டைகளில் பன்னிரண்டை அடை வைத்தாள். அவன் திருவிழாக் கொடியிறக்கம் முடிந்து மொட்டைத் தலையோடு வந்தபோது எங்கள் சேவல் எங்கள் வாசலுக்குத் திரும்பியிருந்தது.

செப்டம்பர் கடைசியில் பதினொரு குஞ்சு பொரித்தது. அவன் தெருவையே கூப்பிட்டான். “பாத்தீங்களா, மாதா கண்ணத் தொறந்துட்டாங்க” என்று ஒவ்வொன்றாகக் கையில் எடுத்தான். எடுத்த ஒவ்வொன்றுக்கும் கழுத்தின் முன்பக்கம் ஒரு கொத்து இறகு இருந்தது. பதினொன்றையும் பார்த்து முடித்தபோது முகம் சுண்டிவிட்டது.

“இது நம்ம சேவலுக்குப் பொறந்தது இல்ல” என்றான்.

“இல்ல. துர்காக்கா வூட்டுச் சேவலு” என்றாள் விமலா. மாமியாரும் தெருவும் கேட்கத்தான் சொன்னாள். “பெட்டைங்க அதே பெட்டைங்கதான். அதுங்க மேல ஒரு குத்தமும் இல்ல. நாளைக்கி லீவு சொல்லிட்டு வாங்க, கடலூரு டாக்டரம்மாவப் பாக்கணும். வரலன்னா, நானே கம்மாபுரத்துக்குக் கெளம்புறேன். ஏன் போறேன்னு எல்லாருக்கும் சொல்லிட்டுத்தான் போவேன்.”

மாமியார் உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் காலை கடலூர் பஸ்ஸுக்கு இரண்டு பேரும் நின்றிருந்தார்கள், நாலடி தள்ளித் தள்ளி. வேலைக்குப் போகிற என்னைப் பார்த்ததும் அவன் ஓடிவந்தான்.

“அக்கா, கம்பெனியில யாருகிட்டயும் சொல்லிடாதீங்க. மானம் போயிடும்” என்றான்.

இத்தனை வருஷம் விமலாவைப் பற்றி அதே கம்பெனியில் பேசினவன். பத்து மணி டீக்குள் வர்ணம் அடிக்கிற அத்தனை பேரிடமும் சொல்லிவிட்டேன்.